கொழும்பில் இரண்டு ‘ஆயிரத்தில் ஒருவன்’

வெள்ளவத்தைப் பாலத்தைத் தாண்டியதும் காலி வீதியில் சவோய் திரையரங்கு எதிர்ப்படுகிறது. அங்கிருந்து தெற்கே தெஹிவளை வரை வீதியின் இரு பக்கமும் புடைவைக்கடை, நகைக்கடை, மரக்கறிக்கடை, சைவச் சாப்பாட்டுக்கடை. பெயர்ப்பலகைகளில் மூன்று மொழி இருந்தாலும் நடைபாதையில் அதிகம் காதில் விழுவது யாழ்ப்பாணத் தமிழ்தான். மேற்குப் பக்கம் எந்த ஒழுங்கையில் திரும்பினாலும் சற்று நடந்தால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து போர் முடியும்வரை வடக்கிலிருந்து வந்தவர்களால் இந்த ஒழுங்கைகள் அடுக்குமாடிகளாக வளர்ந்தன. கனடா விசாவுக்குக் காத்திருந்தவர்கள், விசா கிடைக்காமல் தங்கிவிட்டவர்கள், பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனித்திருப்பவர்கள் என்று, காத்திருப்பே இந்தப் பகுதியின் முழுநேர வேலையாக இருந்த காலம் உண்டு.

சவோயில் அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்த புதுப்படத்துக்காக நான் வரவில்லை. ஓட்டம் முடிந்து வருடக்கணக்கான பிறகும் சிலர் விடாமல் பிடித்துவைத்திருக்கும் படங்களைப் பற்றிக் கேட்க வந்திருந்தேன். நம் இளைஞர்கள் ‘கல்ட் படம்’ என்று எழுதுகிற வகை.

சென்னையில் இதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. முதலில் படம் தோற்க வேண்டும். 2003 பொங்கலுக்கு ‘தூள்’ படத்தோடு வந்த ‘அன்பே சிவம்’ திரையரங்கில் நிற்கவில்லை. பிறகு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள், அது வீடுகளில் நின்றது. 1978இல் வந்த ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ படத்தைக் கொண்டாடுகிறவர்களில் பாதிப்பேர் அது வெளியானபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். 2011இல் வந்த ‘ஆரண்ய காண்டம்’ தேசிய விருது வாங்கியது, கூட்டம் வாங்கவில்லை. தோல்வி, காலம், தொலைக்காட்சி என்ற மூன்றும் சேர்ந்தால் போதும் என்பது நம் கணக்கு. ஊர் தவறவிட்டதை நான் கண்டுபிடித்தேன் என்ற பெருமைதான் ரசிகனுக்கு அதில் கிடைக்கும் லாபம். நம் படங்களையே பார்த்து, நம்மைப்போல வாழ முடியாமல்போன ஒரு நகரத்தில் இந்தக் கணக்கு செல்லுமா என்பதுதான் என் கேள்வி.

57ஆவது ஒழுங்கைக்கு இப்போது உருத்திரா மாவத்தை என்று பெயர். அங்கே 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதன் நூலகத்தில், இலங்கைத் தமிழ்ப் படங்களின் வரலாற்றைத் தொகுத்த தம்பிஐயா தேவதாஸின் நூலைத் தேடிக்கொண்டிருந்தபோது, பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“தம்பி, இந்தியாவிலை இருந்தோ வந்தனீங்கள்?”

“ஆமாங்க ஐயா, சென்னை.”

“படம் பார்க்கிற ஊரிலை இருந்து வந்து, படத்தைப் பற்றி வாசிக்கிறியள்.”

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படிப்பித்தவர். நூலகத்தில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்கள்; நானும் அப்படியே அழைத்தேன்.

இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்களின் பட்டியலை அவர் விரல்விட்டு ஒப்பித்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் ‘தோட்டக்காரி’. 1966இல் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டைத் தழுவிய ‘கடமையின் எல்லை’. 1972இல் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’. 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் நாயகனாக நடித்த ‘புதிய காற்று’. 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து ‘வாடைக்காற்று’. அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து 1993 வரை கூட்டினாலும் முப்பதைத் தொடாது. அவற்றில் இன்று பார்க்கக் கிடைப்பவை சிலவே. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. தமிழ்ப் படம், சிங்களப் படம் என்று பாராமல் பல படங்களின் மூலச் சுருள்கள் அங்கே சாம்பலாயின.

“‘பொன்மணி’?” என்று கேட்டேன். 1977இல் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த தமிழ்ப் படம் அது. காவலூர் இராஜதுரையின் கதை. சாதி பார்க்கும் குடும்பத்துப் பெண்ணின் காதலும் அதன் முடிவும். திரையரங்கில் எடுபடாமல் போனது. இன்று இலங்கைச் சினிமா பற்றி எழுதுகிறவர்கள் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

“அது நல்ல படம். மரியாதை இருக்கு. ஆனால் மரியாதை இருக்கிற படத்தை ஆரும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேல்லை. நீங்கள் கேக்கிறது விசர் பிடிச்சுப் பார்க்கிற படத்தை எல்லோ?” என்றார்.

அப்படியானால் எது என்றதற்கு நேரே பதில் வரவில்லை. முதலில் பஞ்சத்தைப் பற்றிச் சொன்னார். 1970இல் வந்த சிறிமாவோ அரசின் காலத்தில் அந்நியச் செலாவணி இறுக்கம். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியது. வெளிநாட்டுப் படம் இறக்குமதி செய்யும் உரிமை முழுவதும் அதன் கைக்குப் போனது. சென்னையில் இன்று வெளியாகும் படம் இங்கே எப்போது வரும், வருமா என்றே தெரியாது. ஆகவே வந்ததையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். தேய்ந்த பிரதியில் எந்த இடத்தில் படம் குதிக்கும் என்பதுகூட ரசிகர்களுக்கு மனப்பாடம். அடுத்து 1990இலிருந்து 95 வரை யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். மண்ணெண்ணெய் கிடைத்த இரவில் ஜெனரேட்டர் போட்டு, வாடகைக்கு எடுத்த டெக்கில் ஒரே படத்தைத் தெருவே கூடிப் பார்க்கும்.

“நீங்கள் படம் பிடிக்காட்டி எழும்பிப் போவியள். எங்களுக்கு எழும்பிப் போக வேற படம் இல்லை. அதாலை இருந்து, அதுக்குள்ளை எங்களுக்கு என்ன இருக்கெண்டு தேடினனாங்கள்.”

பிறகுதான் படத்தின் பெயரைச் சொன்னார். “‘ஆயிரத்தில் ஒருவன்.’ கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கேளுங்கோ, அங்கையும் இதே பேரைத்தான் சொல்லுவினம். ஆனால் அது வேற படம். போயிட்டுப் பின்னேரம் வீட்டை வாங்கோ.”

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் பிடித்தேன். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல், கோட்டை எனக் கடலை இடப்பக்கம் விட்டும் தொட்டும் போய்ப் புறக்கோட்டையில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து செட்டியார் தெரு வழியாக நடந்தால் தங்கக்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் விழாவின்போது இங்கிருந்துதான் வேல் புறப்பட்டுத் தெற்கே போகும். நான் வந்த வழியைத் தேர் எதிர்த்திசையில் கடக்கிறது. கொழும்பின் இரண்டு தமிழ்ப் பகுதிகளுக்கும் இடையே நிரந்தரமாக ஓடும் கயிறு அதுதான். மற்றபடி இரண்டும் வேறு வேறு ஊர்கள். வெள்ளவத்தை அலுவலகம் போனவர்களின் ஊர். கொட்டாஞ்சேனை துறைமுகத்துக்கும் மொத்த வியாபாரத்துக்கும் அருகில் உழைத்தவர்களின் ஊர். தமிழகத்திலிருந்து நேரே வந்தவர்களும், மலையகத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தவர்களும், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்துகளில் வாழ்கிறார்கள். புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம் எல்லாக் கூரைகளுக்கும் மேலே தெரிகிறது. சற்றுத் தள்ளிப் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில்.

புறக்கோட்டையில் பிடித்த திரீவீல் ஓட்டுநரிடம் “செல்லமஹால்” என்றேன். அறுபது வயதைத் தாண்டியவர். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, “படமா பாக்கப் போறீங்க, இல்ல யாரையும் பாக்கவா சார்?” என்றார். எம்.ஜி.ஆர். ரசிகர் யாரையாவது பார்க்க வேண்டும் என்றேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். “அப்ப மீட்டர நிப்பாட்டிறலாம்.”

ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்தோம். பிளேன்டீயும் பணிஸும் வந்தன. ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்று நான் சொன்னதும் அவருக்கு 2010இல் அதே பெயரில் வந்த படத்தின் கார்த்தி ஞாபகம் வரவில்லை. 1965இல் பி. ஆர். பந்துலு எடுத்த படம், எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்தது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் பிரிவதற்கு முன் சேர்ந்து இசையமைத்தது. மணிமாறன் என்ற வைத்தியன், காயப்பட்ட புரட்சிக்காரர்களுக்கு மருந்து போட்ட குற்றத்துக்காக அவர்களோடு சேர்த்து அடிமையாக்கப்பட்டுக் கடல் கடந்து ஒரு தீவுக்கு அனுப்பப்படுகிறான். அங்கே அடிமைகளைத் திரட்டி விடுதலை வாங்குகிறான்.

“எங்க அப்பாரு இந்தப் படத்த எத்தன தடவ பாத்தாருன்னு கணக்கே இல்ல அண்ணே. ஹட்டன் பக்கம் தோட்டத்துல பொறந்தவரு. இங்க வந்து மூட்ட தூக்குனாரு. நம்மள வச்சுத்தான்டா எடுத்திருக்கான்னு சொல்லுவாரு.” சார் அதற்குள் அண்ணே ஆகியிருந்தார்.

வருடத்தைக் கவனிக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்திருந்தது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று ஏற்பாடு. யாரையும் கேட்கவில்லை. மறு ஆண்டு இந்தப் படம். அதே 1965 அக்டோபரில் எம்.ஜி.ஆர். சரோஜாதேவியோடு இலங்கைக்கு வந்தார். அவர் பிறந்தது இந்தத் தீவின் மலைநாட்டில்தான். பிறந்த நாட்டுக்குத் தலைவனாகத் திரும்பி வந்தவரை, பிறந்த நாட்டிலேயே நாடற்றவர்கள் கூடி நின்று பார்த்தார்கள்.

எழுபதுகளில் தலைமன்னார்க் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகத்தில் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். ஓட்டுநரின் சித்தப்பா குடும்பம் அதில் ஏறிப் போனது. “கடல் தாண்டிக் கொண்டுபோய் விக்கிறது, தீவு, சாட்டையடி, எல்லாம் படத்துல இருக்குதானே. நம்ம ஆளுங்க அந்தப் பக்கத்துலருந்து இந்தப் பக்கம் வந்தது ஒரு தடவ. இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போனது இன்னொரு தடவ. அப்பாரு ரெண்டயும் அந்த ஒரு படத்துலயே பாத்துக்கிட்டாரு.”

பந்துலுவின் மனத்தில் ஹட்டன் இருந்திருக்க முடியாது. கதையின் மூலம் ரஃபேல் சபாத்தினியின் ‘கேப்டன் பிளட்’ நாவல். 1935இல் எரல் ஃப்ளின் நடித்து ஹாலிவுட்டில் படமானது. பதினேழாம் நூற்றாண்டு ஐரிஷ் வைத்தியன் ஒருவன் கரீபியத் தீவுக்கு அடிமையாக விற்கப்படும் கதை, சென்னையில் வாளும் பாட்டும் சேர்ந்து, கொழும்புத் துறைமுகத்துக் கூலி ஒருவருக்குத் தன் குடும்ப வரலாறாகிவிட்டது. 2014இல் இதே படம் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியாகிச் சென்னையில் 100 நாளைத் தாண்டி ஓடியது. அங்கே அதைப் பார்த்தவர்கள் எம்.ஜி.ஆரைப் பார்த்தார்கள். இவரின் அப்பா பார்த்தது எம்.ஜி.ஆருக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தை.

அதே கடையில்தான் ‘கோமாளிகள்’ பற்றியும் பேச்சு வந்தது. இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற தொடர் நாடகம் நாட்டையே சிரிக்க வைத்தது. நான்கு பேர், நான்கு தமிழ். மரிக்காராக எஸ். ராமதாஸ் முஸ்லிம் பேச்சுவழக்கில், அப்புக்குட்டியாக டி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழில், உபாலியாக எஸ். செல்வசேகரன் சிங்களம் கலந்த தமிழில், ஐயராக பி. எச். அப்துல் ஹமீட். 1976இல் எஸ். ராமநாதன் இயக்கத்தில் அது படமானது. கவிஞர் சில்லையூர் செல்வராசனும் கமலினி செல்வராசனும் அதில் நடித்தார்கள். உள்நாட்டுத் தமிழ்ப் படங்களில் மக்கள் அள்ளிக்கொண்டது இதைத்தான். செல்லமஹாலில் அதைப் பார்த்த நினைவு ஓட்டுநருக்கு இருக்கிறது. அப்போது சிறுவன். அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஆனால் பக்கத்து மேசைக்காரர் மரிக்கார் குரலில் ஒரு வார்த்தை விட்டதும் இவர் உபாலி குரலில் பதில் சொன்னார். கல்லாவில் இருந்த சிங்களக்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு மேசைக்காரர், அந்த இடத்தில் அப்புக்குட்டிதான் பேசுவார், உபாலி இல்லை என்று திருத்தினார். படத்தில் அப்படி, ரேடியோவில் இப்படி என்று சண்டை மூண்டது. தீர்த்துவைக்கப் பிரதி கையில் இல்லை. அதனால் சண்டை முடியவும் இல்லை.

இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எகோ ‘காசாபிளாங்கா’ பற்றி எழுதிய கட்டுரையில், ஒரு படைப்பின்மேல் பித்துப் பிடிக்க வேண்டுமானால் அதைத் துண்டுதுண்டாகக் கழற்ற முடிய வேண்டும் என்கிறார். எல்லாம் கச்சிதமாகப் பூட்டிய படத்திலிருந்து எதையும் எடுத்துப்போக முடியாது. மூட்டு தளர்ந்த படம்தான் அதற்கு வசதி. அமெரிக்காவில் ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ 1975இல் வெளியாகிப் படுத்தது. 1976இல் நியூயார்க்கின் வேவர்லி திரையரங்கு அதை நள்ளிரவில் போடத் தொடங்கியதும், வந்தவர்களே வேடம் கட்டிக்கொண்டு திரையை நோக்கிப் பதில் வசனம் கத்த ஆரம்பித்தார்கள். அங்கே திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது, ரசிகர்கள் சேர்ந்து நடித்தார்கள். இங்கே திரையே இல்லை, ரசிகர்கள் மட்டும் மிச்சம். வானொலியில் துண்டுதுண்டாகப் பிறந்த ‘கோமாளிகள்’ மறுபடியும் துண்டுகளாகி வாய்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாலையில் வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். மாஸ்டரின் வீடு கடலை நோக்கிய ஒழுங்கையில், நான்காவது மாடி. இடியப்பம், சொதி, சம்பல். அவரது தங்கையின் பேரன் பல்கலைக்கழக மாணவன். சாப்பிட்டு முடிப்பதற்குள் மடிக்கணினியில் படத்தைத் தயாராக வைத்திருந்தான். செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’, 2010 ஜனவரி 14 வெளியீடு.

கதை தெரிந்ததுதான். 1279இல் பாண்டியரிடம் வீழும் சோழர்கள் தங்கள் இளவரசனை ரகசியமாகக் கடல் கடந்து அனுப்புகிறார்கள். பல நூற்றாண்டுக்குப் பிறகு அவர்களைத் தேடி இன்றைய சென்னையிலிருந்து ஒரு குழு தீவுக்குப் போகிறது. கார்த்தி மூட்டை தூக்கும் கூட்டத்தின் தலைவன். முதல் பாதி முழுவதும் பொறி, பாம்பு, புதைமணல் என்று சாகசம். இரண்டாம் பாதியில் குகைகளுக்குள் பட்டினி கிடக்கும் சோழ மக்களும், பார்த்திபன் நடித்த அரசனும். தாய்மண்ணுக்கு அழைத்துப்போக ஒரு தூதுவன் வருவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். வருவது துரோகம். பின்னால் துப்பாக்கி ஏந்திய படை. ஆண்கள் கொல்லப்படுகிறார்கள், பெண்கள் சூறையாடப்படுகிறார்கள். அரசன் சாக, கூலிக்காரன் இளவரசனைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுவதோடு படம் முடிகிறது.

தமிழ்நாட்டில் விமர்சனங்கள் இரண்டாகப் பிரிந்தன. தெலுங்கில் மொழிமாற்றம் செய்யப்பட்டு, சாகசப் படமாக உடனே ஓடியது. தமிழில் காலம் எடுத்துக்கொண்டது. 2021 கடைசி நாளில் மீண்டும் திரையிட்டபோது அரங்குகளில் முதல்முறையைவிட ஆரவாரம். இது சென்னை வாய்ப்பாட்டில் அடங்கும் கதை. மாஸ்டரின் கதை அதில் அடங்கவில்லை.

“இந்தப் படம் வரேக்குள்ளை முள்ளிவாய்க்கால் முடிஞ்சு எட்டு மாசம். நாங்கள் டிவிடியிலை பார்த்தனாங்கள். ஏழெட்டுப் பேர் இந்த அறைக்குள்ளை. கடைசி அரை மணித்தியாலம் ஒருத்தரும் கதைக்கேல்லை. முடிஞ்சாப் பிறகு என்ர தங்கச்சி எழும்பிப்போய், வாசல் கதவு பூட்டியிருக்கோ எண்டு பார்த்தா.”

சோழர் கொடியில் புலி இருக்கிறது. அது வரலாறு, செல்வராகவன் சேர்த்ததில்லை. படப்பிடிப்பு தொடங்கியது 2007இல், போரின் முடிவுக்கு இரண்டு வருடம் முந்தி. இந்தத் தேதிகளெல்லாம் மாணவனுக்கு அத்துபடி. இயக்குநர் எவ்வளவு தெரிந்து செய்தார், எவ்வளவு தானாக அமைந்தது என்று அவனும் நண்பர்களும் வருடக்கணக்காக வாதாடியிருக்கிறார்கள். மாஸ்டருக்கு அந்த வாதத்தில் ஈடுபாடில்லை.

“உங்கட ஆக்கள் ரெண்டாம் பாதி விளங்கேல்லை எண்டு எழுதினவை, தம்பி. எங்களுக்கு ரெண்டாம் பாதி மட்டும்தான் விளங்கினது.”

கார்த்தியிடம் அந்தச் சோழர்கள் பழந்தமிழில் பேசும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மாஸ்டர் திரையை நிறுத்தச் சொன்னார்.

“இதைப் பாருங்கோ. எத்தினை நூற்றாண்டாப் பார்த்துக்கொண்டிருந்த தூதுவன் ஆர்? மெட்ராஸ் கூலி. இவைக்குத் தாங்கள் பேசுறதுதான் தமிழ். அவனுக்கு இவை பேசுற தமிழ் சிரிப்பாயிருக்கு. 2009இலை நாங்களும் உங்கட பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தனாங்கள்.”

அந்த ஆண்டு ஜனவரி 29 அன்று சென்னை சாஸ்திரி பவன் முன்னால் முத்துக்குமார் போரை நிறுத்தக் கோரித் தீக்குளித்து இறந்தார். கல்லூரிகள் கொதித்தன, வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணித்தார்கள். மே மாதம் தேர்தல் முடிவும் போரின் முடிவும் ஒரே வாரத்தில் வந்தன. இதையெல்லாம் அவரிடம் சொல்லலாம். அவருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். தூதுவன் கெட்டவன் என்று அவர் சொல்லவில்லை. படத்திலும் அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு விளங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

மாணவன் படத்தைக் கும்பிடுகிறவன் இல்லை. பட்டினி கிடக்கும் மக்களைக் கறுப்புச் சாயம் பூசிக் காட்டுமிராண்டிகளாகக் காட்டியது, பெண்கள்மேல் நடக்கும் வன்முறையைக் கேமரா அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது, அரச பரம்பரை என்றால் உருகிவிடுவது என்று குறைகளை அடுக்கினான். பிறகும் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். ஏன் என்று கேட்டேன்.

“எனக்கு அப்ப ஏழு வயசு அண்ணா. கொழும்பிலதான் இருந்தனாங்கள். வீட்டில ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். ஆனா இந்தப் படத்தப் போட்டா மட்டும் கதைப்பினம். இந்த இடத்தில அம்மம்மா ஒரு கத சொல்லுவா, அந்த இடத்தில மாமா ஒண்டு சொல்லுவார். எனக்கு நடந்தது தெரிஞ்சதே இந்தப் படத்த நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்துத்தான்.”

போர் முடிந்த முதல் வருடங்களில் வடக்கில் மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. விளக்கேற்றி நினைவுகூர்வதற்கே தடைகள் இருந்தன. கொழும்பில் வாயைத் திறக்க யாருக்கும் துணிவில்லை. ஆனால் ஓர் இந்தியத் தமிழ்ப் படத்தை வீட்டில் போட்டுப் பார்ப்பதை யாரும் குற்றமென்று சொல்ல முடியாது. யாராவது கதவைத் தட்டினால், படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று சொல்லிவிடலாம். ஒப்பந்தம் போட்டவர்களை எதிர்த்துப் பேச வழியில்லாத துறைமுகக் கூலியும் 1965இல் மணிமாறனைப் பற்றித்தான் பேசினார்.

கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் இங்கே ஒன்றுசேர்கின்றன. முதல் படம் நன்றாக ஓடியது, இரண்டாவது தடுமாறியது. ஆகவே தோல்வி கட்டாயமில்லை. பஞ்ச காலத்தில் ஒன்றைப் பார்த்தார்கள், மடிக்கணினிக் காலத்தில் இன்னொன்றைப் பார்க்கிறார்கள். ஆகவே பஞ்சம் மட்டும் காரணமில்லை. இரண்டுமே நாடு பெயர்ந்து ஒரு தீவில் சிக்கியவர்களின் கதை. எந்த நாடு, எந்த மக்கள் என்பதை இரண்டு படமும் கற்பனைக்கு விட்டுவிட்டன. அந்தக் காலி இடத்தில் பார்த்தவர்கள் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். ஹட்டன் என்றோ முள்ளிவாய்க்கால் என்றோ வெளிப்படையாகச் சொன்ன படங்களை மதித்தார்கள், ஒருமுறை பார்த்தார்கள், வைத்துவிட்டார்கள். சொல்லாத படத்தோடுதான் வாழ முடிந்தது. ஒரு இயக்குநர் இப்படிப்பட்ட இடத்தைத் திட்டமிட்டு விட முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். விட்டாலும், அதற்குள் வந்து உட்காரப்போவது யார் என்பதை அவர் தீர்மானிக்க முடியாது.

படம் முடிந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. 2021 ஜனவரி முதல் நாள் செல்வராகவன், தனுஷை வைத்து இதன் இரண்டாம் பாகம் எடுப்பதாக அறிவித்ததை நினைவுபடுத்தினேன். தப்பித்த இளவரசன் என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்குமே என்றேன்.

“வேண்டாம் அண்ணா. அவன் என்ன ஆனான் எண்டு இந்த வீட்டில ஒவ்வொருத்தரிட்டயும் ஒரு கத இருக்கு. படம் வந்தா அவை தங்கட முடிவச் சொல்லிப்போடுவினம்” என்றான் மாணவன்.

மாஸ்டர் உடன்படவில்லை. “வரட்டும். பிழையா எடுத்தால் அதையும் நாங்கள் திருத்திப் பார்ப்பம்” என்றார்.